மேய்ச்சல் நிலத்தைக் கண்காணிக்க சென்டினலா, லேண்ட்சாட்டா, ட்ரோனா? மூன்றையும் கட்டி மேய்த்த அனுபவம்

நான் செயற்கைக்கோள் விஞ்ஞானி இல்லை. மேய்ச்சல் நிலத்தில் புல் எவ்வளவு நிற்கிறது, எங்கே மண் தெரிய ஆரம்பித்துவிட்டது, எங்கே புதர் ஏறிக்கொண்டு வருகிறது என்று பார்த்து எழுதித் தருகிற வேலை. பல வருடம் இதை அளவு நாடா, ஒரு மீட்டர் சதுரச் சட்டம், அரிவாள், தராசு இவற்றோடு நடந்தே செய்திருக்கிறேன். சட்டத்தைப் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, காயவைத்து, எடை போட்டு, அதை ஹெக்டேர் கணக்குக்குப் பெருக்கி எழுதுவோம். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது சட்டம் போட்டாலே இடுப்பு விட்டுப்போகும். நிலமோ ஆயிரக்கணக்கான ஹெக்டேர். மேலேயிருந்து பார்த்துவிட்டால் என்ன என்ற ஆசை யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. இலவசப் படம், காசு கொடுத்து வாங்கும் செயலி, ட்ரோன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலவசமாகக் கிடைக்கும் சென்டினல், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இரண்டையும் ஒரு முழு வருடம் ஓட்டிப் பார்க்காமல் எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

சென்டினல்-2 இப்போது நான் அன்றாடம் திறந்து பார்ப்பது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டத்துச் செயற்கைக்கோள்கள். முதலாவது 2015 ஜூனிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் மூன்றாவது 2024 செப்டம்பரிலும் ஏவப்பட்டன. ஜோடியாகச் சுற்றுவதால் ஐந்து நாளைக்கு ஒரு தடவை நம் நிலத்துக்கு மேலே வந்துபோகும். நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு நான்கும் 10 மீட்டர் பிக்சலில் கிடைக்கின்றன, அதாவது ஒரு ஹெக்டேருக்கு நூறு பிக்சல். மொத்தம் 13 அலைவரிசை; மீதி 20 மீட்டரிலும் 60 மீட்டரிலும் வரும். கணினி நிரல் எழுதத் தெரியாதவர்கள்கூட உலாவியில் திறந்து, தங்கள் வேலியின் எல்லையை வரைந்து, போன மாதம் எப்படி இருந்தது இந்த மாதம் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். முதல் தடவை பார்த்தபோது தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வட்டமாக மண் தெரிவதையும், அங்கிருந்து மந்தை நடந்து நடந்து விழுந்த தடங்கள் சிலந்திக் கால் மாதிரி விரிவதையும் பார்த்து அசந்துபோனேன். வருடக்கணக்காக அதே தடத்தில்தான் நடந்திருக்கிறேன், ஆனால் அது இவ்வளவு ஒழுங்கான வடிவம் என்று தெரியவே தெரியாது.

சரி, குறைகள். மேகம் முதல் குறை. புல் வளர்வது மழைக்காலத்தில், மேகம் நிற்பதும் அதே மழைக்காலத்தில். ஐந்து நாளைக்கு ஒரு படம் என்பது ஏட்டுக் கணக்கு. நமக்கு மிக முக்கியமான ஆறேழு வாரத்தில் தெளிவான படம் ஒன்றோ இரண்டோ கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதான். படத்தோடு மேகம் எது நிலம் எது என்று பிரித்துக் காட்டும் ஒரு வகைப்பாட்டு அடுக்கும் வரும், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். மெல்லிய மேகத்தையும் மேக நிழலையும் அது தவறவிடும், வெயிலில் பளிச்சென்று தெரியும் வெற்று மண்ணைச் சில நேரம் மேகம் என்று சொல்லிவிடும். மேய்ந்து மேய்ந்து மொட்டையாகிப்போன இடம்தான் நாம் தேடுவது, அதையே மேகம் என்று வெட்டி எறிந்துவிட்டால் அப்புறம் எதைக் கண்காணிப்பது? நான் இன்றும் முக்கியமான தேதிகளின் படத்தைக் கண்ணால் ஒரு முறை பார்த்த பிறகே கணக்கில் சேர்க்கிறேன்.

இன்னொன்று அறிவிப்பைப் படிக்காமல் நானே வாங்கிக் கட்டிக்கொண்டது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 தரவில் ஒவ்வொரு பிக்சலின் எண்ணோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். பயன்படுத்துகிறவர் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். முறையாக அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள், நான் கவனிக்கவில்லை. சிவப்பு 1500, அண்மை அகச்சிவப்பு 2500 என்றால், பச்சையின் அளவைச் சொல்லும் என்டிவிஐ என்ற குறியீட்டு எண் 0.25 வரும். இரண்டிலும் 1000 கூடிவிட்டால் அதே இடம் 0.17 ஆகிவிடும். நிலம் முழுவதும் ஒரே வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு பச்சையைத் தொலைத்துவிட்ட மாதிரி வரைபடம் சரிந்தது. நான் அதை வைத்து ‘கடுமையான மேய்ச்சல் அழுத்தம்’ என்று அரைப் பக்கம் எழுதிவிட்டு, அனுப்பும் முன்பு சந்தேகம் வந்து நேரில் போய்ப் பார்த்தால் புல் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கிறது. சில தளங்கள் இந்த ஆயிரத்தை அவையே சரிசெய்து கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. எங்கிருந்து இறக்கினாலும் 2022க்கு முன்னும் பின்னும் ஒரு பாறைத் திட்டையோ தார்ச்சாலையையோ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

என்டிவிஐ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாச் செயலியும் எல்லா விற்பனையாளரும் கடைசியில் விற்பது இதைத்தான். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கும், அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும் எண். வயலுக்காகக் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இது பிறந்ததே புல்வெளியில்தான். 1972 ஜூலையில் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் படங்களை வைத்து, அமெரிக்காவின் பெரும் சமவெளிப் புல்வெளிகள் பருவத்துக்குப் பருவம் பச்சை பிடிப்பதையும் காய்வதையும் பின்தொடரும் ஆய்வில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழு 1970களின் தொடக்கத்தில் பயன்படுத்திய சூத்திரம் அது. புல்லுக்காகவே பிறந்தது என்பதால் புல்லைப் பற்றி எல்லாம் சொல்லிவிடும் என்று அர்த்தமில்லை.

வறண்ட மேய்ச்சல் நிலத்தில் ஒரு பிக்சலுக்குள் பாதிக்கு மேல் மண்தான் தெரியும். அந்த மண்ணின் நிறமே எண்ணை ஆட்டிவைக்கும். மழை பெய்த மறுநாள் மண் கறுத்துக் கிடந்தால், ஒரு புல்கூட முளைக்காமலேயே எண் கொஞ்சம் ஏறிவிடும். இதைச் சமாளிக்கத்தான் 1988இல் ஹுயெட் என்பவர் மண்ணின் பங்கைத் தணிக்கும் ஒரு திருத்தத்தைச் சேர்த்து சாவி (SAVI) என்ற குறியீட்டைக் கொண்டுவந்தார். நான் செடி அடர்த்தி குறைந்த இடங்களில் அதையும் சேர்த்துப் பார்க்கிறேன். அதிசயம் எதுவும் நடந்துவிடாது, ஆனால் செம்மண் திட்டும் வெள்ளை மணல் திட்டும் கலந்து கிடக்கும் இடத்தில் வித்தியாசம் தெரிகிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை காய்ந்த புல். ஆடு மாடுகள் வருடத்தில் பல மாதம் நின்றபடியே காய்ந்த புல்லைத்தான் தின்று உயிர் வாழ்கின்றன. என்டிவிஐக்கு அது கண்ணிலேயே படாது. முழங்கால் உயரம் காய்ந்த புல் நிற்கும் நிலமும், சுத்தமாக வழித்தெடுத்த மொட்டை நிலமும் கோடையில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். அந்த வருடத்துக்குத் தீவனம் மிச்சமிருக்கிறதா இல்லையா என்பது மேய்ப்பவருக்கு வாழ்வா சாவா என்கிற கேள்வி, அதற்கு இந்தக் குறியீட்டிடம் பதில் கிடையாது. காய்ந்த புல்லில் இருக்கும் செல்லுலோஸ் 2100 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும், ஆகவே குற்றலை அகச்சிவப்பு அலைவரிசைகளைச் சேர்த்தால் மண்ணையும் சருகையும் ஓரளவு பிரிக்கலாம். சென்டினலிலும் லேண்ட்சாட்டிலும் அவை இருக்கின்றன, ஆனால் அகலமான பட்டைகள் என்பதால் ‘ஓரளவு’ என்கிற வார்த்தையை அழுத்திச் சொல்கிறேன். ஈரம் இருந்தால் அதுவும் குழம்பும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்று வேலையும் உண்டு. சீமைக்கருவேலம் ஆழமாக வேர் விட்டு நிலத்தடி நீரைப் பிடித்துக்கொண்டு, சுற்றியுள்ள புல்லெல்லாம் கருகிய பிறகும் பச்சையாகவே நிற்கும். குஜராத்தின் பன்னி புல்வெளி ஆகட்டும் கென்யாவின் பாரிங்கோ ஆகட்டும், அது ஏறிய இடத்தில் புல் போய்விட்டது. அங்கே என்டிவிஐ வருடா வருடம் கூடிக்கொண்டே போனால் ‘நிலம் மீண்டு வருகிறது’ என்று ஒருவர் அறிக்கை எழுதலாம், மாட்டைக் கேட்டால் வேறு கதை சொல்லும். ஆனால் இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம்: எல்லாம் காய்ந்திருக்கும் மாதத்தின் படத்தை எடுத்தால் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் புதரும் மரமும்தான், ஆகவே அதன் பரப்பை வருடா வருடம் அளக்கக் கோடைப் படமே நல்ல படம். மழைக்காலப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை எனக்கு இது உறைக்கவில்லை.

லேண்ட்சாட்டுக்கு வருகிறேன். சென்டினலைப் பார்த்துவிட்டு இதைத் திறந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய மாதிரி இருக்கும். 30 மீட்டர் பிக்சல், ஒரு ஹெக்டேருக்குப் பதினொன்றுதான். தனியாக ஒரு செயற்கைக்கோள் 16 நாளைக்கு ஒரு முறை வரும், இப்போது எட்டாவதும் ஒன்பதாவதும் சேர்ந்து ஓடுவதால் எட்டு நாள். ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் லேண்ட்சாட்டைத்தான் கேட்பேன்.

காரணம், மேய்ச்சல் நிலத்தில் ‘இன்று எப்படி இருக்கிறது’ என்கிற கேள்விக்குப் பெரிய மதிப்பு இல்லை. இன்று மொட்டையாக இருக்கிறது, சரி, இது இந்த வருட மழை பொய்த்ததாலா, இருபது வருடமாக அதிகம் மேய்ந்ததாலா? நல்ல மழை வந்தால் மீளுமா, மீளாதா? இதற்குப் பதில் சொல்லப் பல நல்ல வருடமும் பல கெட்ட வருடமும் கொண்ட ஒரு நீண்ட வரிசை வேண்டும். 30 மீட்டர் துல்லியத்தில் 1980கள் முதல் அப்படி ஒரு வரிசை லேண்ட்சாட்டில் மட்டும்தான் இருக்கிறது. 1984இல் ஏவிய லேண்ட்சாட் 5 மூன்று வருடம் உழைக்கும் என்று அனுப்பப்பட்டு 2013 வரை ஓடியது. இந்தக் களஞ்சியத்தை 2008இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள், இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காரியம் எதுவும் நடக்கவில்லை.

அதிலும் குறை இருக்கிறது, இல்லாமல் என்ன. 2003 மே மாதக் கடைசியில் லேண்ட்சாட் 7இன் ஒரு பாகம் பழுதாகி, அதன் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கோடு கோடாகக் காணாமல் போனது. படத்தின் நடுவில் உங்கள் நிலம் விழுந்தால் தப்பித்தீர்கள், ஓரத்தில் விழுந்தால் வேலிக்குள் வரிக்குதிரை மேய்கிற மாதிரி இருக்கும். பழைய கருவிக்கும் 2013 முதல் வந்த கருவிக்கும் அலைவரிசை எல்லைகள் கொஞ்சம் வேறு என்பதால் எண்கள் அப்படியே ஒட்டாது, அதற்கான திருத்தத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். லேண்ட்சாட்டையும் சென்டினலையும் 30 மீட்டரில் ஒத்திசைத்து நாசா தரும் தொகுப்பு ஒன்று இருக்கிறது, புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக அதற்கே போய்விடலாம்.

நீண்ட வரிசை இருந்தாலும் படத்தைத் தப்பாகப் படிக்க முடியும், அதற்கு எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. முதல் லேண்ட்சாட் படங்களில் எகிப்து இஸ்ரேல் எல்லை ஒரு கோடு போட்ட மாதிரி தெரிந்தது: எகிப்தின் சினாய் பக்கம் பளீரென்று, இஸ்ரேலின் நெகேவ் பக்கம் இருண்டு. மேய்ச்சலால் சினாய்ப் பக்கத்துச் செடி கொடிகள் அழிந்ததுதான் காரணம் என்று 1970களில் எழுதினார்கள். 1990களில் மண்ணைக் கையில் எடுத்து அளந்து பார்த்தவர்கள், நெகேவ் பக்கத்து இருட்டின் பெரும் பங்கு செடியால் வந்ததில்லை, மணல் மேல் படிந்திருந்த நுண்ணுயிர்ப் படலத்தால் வந்தது என்றார்கள். சினாய்ப் பக்கம் மந்தைகளின் குளம்பு பட்டு அந்தப் படலம் உடைந்துபோயிருந்தது. மேய்ச்சல்தான் காரணம் என்பது சரி, ஆனால் படத்தில் தெரிந்தது செடி இல்லை, மண்ணின் தோல். வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒப்பிடுவது நல்ல முறைதான், மழையும் மண்ணும் ஒன்றாக இருக்கும், மேய்ச்சல் மட்டும் மாறும். ஆனால் குனிந்து தரையைப் பார்க்காமல் அந்த ஒப்பீட்டை எழுதக் கூடாது என்பதை இந்தக் கதையிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

மோடிஸ் என்ற நாசா செயற்கைக்கோள் கருவி பற்றி இரண்டு வரி போதும். 250 மீட்டர் பிக்சல், ஒன்றே ஆறேகால் ஹெக்டேர், ஆகவே ஒரு பட்டியை நிர்வகிப்பவருக்குப் பயனில்லை. ஒரு மாவட்டம் அளவுக்கு வறட்சியைப் பார்க்க இன்றும் அருமை. கென்யாவின் மார்சபிட்டில் 2010இல் தொடங்கிய கால்நடைக் காப்பீடு இந்த மாதிரி பச்சைக் குறியீட்டை வைத்துத்தான் ஓடுகிறது: செத்த மாட்டை யாரும் எண்ண வேண்டாம், குறியீடு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம். அதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது, பகுதியின் சராசரி நன்றாக இருந்து உங்கள் மூலையில் மட்டும் மழை தப்பினால் கையில் ஒன்றும் வராது.

இனி ட்ரோன். இதில்தான் காசு போனது. ஒரு நிறுவனத்தை வரவழைத்தோம், பெயர் வேண்டாம். பல அலைவரிசைக் கேமரா பொருத்திய ட்ரோன், நூறு மீட்டர் சொச்சம் உயரம், ஒரு பிக்சல் சில சென்டிமீட்டர். வந்த வரைபடம் அவ்வளவு அழகு, ஒவ்வொரு புல் குத்தும் தனித்தனியாகத் தெரிந்தது, சுவரில் மாட்டி வைக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பறக்கவிட்டு ஒப்பிட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் தடவை வெயில் உச்சியில் இருக்கும்போது பறந்திருக்கிறார்கள், இரண்டாம் தடவை சாயங்காலம் விட்டு விட்டு மேகம். பறக்கும் முன்பும் பின்பும் அளவீட்டுப் பலகையைத் தரையில் வைத்துப் படம் எடுத்து ஒளியைச் சரிக்கட்ட வேண்டும், அதை ஒரு தடவைதான் செய்திருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு வரைபடத்திலும் அந்தந்த நாளின் குறைந்த எண்ணைச் சிவப்பாகவும் கூடிய எண்ணைப் பச்சையாகவும் இழுத்து வைத்திருந்தார்கள். ஆக, முதல் படத்துப் பச்சையும் இரண்டாம் படத்துப் பச்சையும் ஒன்றே இல்லை! கேட்டதற்கு ‘வாடிக்கையாளர்களுக்கு இப்படித்தான் பிடிக்கிறது’ என்று பதில் வந்தது. நீங்கள் யாரையாவது அமர்த்தினால் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு பறப்புக்கும் பலகைப் படம், நிறம் இழுக்காத மூல எண்கள், படங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்த நிலத்தில் நிரந்தரமாகக் குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள். இதைக் கேட்டதும் தயங்குபவரை அனுப்பிவிடலாம்.

ட்ரோன் பயனே இல்லை என்று சொல்லவில்லை. புதர்களை ஒன்று ஒன்றாக எண்ண, அவற்றின் உயரத்தை அளக்க, ஓடை அரிப்பு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பார்க்க அதற்கு இணை கிடையாது. வெற்றுத் தரை எத்தனை சதவீதம் என்பதற்கும் அது போதும். சாம்பிள்பாயின்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, படத்தின் மேல் நூறு புள்ளியைப் போட்டு ஒவ்வொன்றிலும் புல்லா மண்ணா கல்லா என்று கேட்கும், நாம் சொல்லிக்கொண்டே போகலாம். ஊசிகள் தொடுவதை எண்ணும் பழைய ஊசிப் புள்ளிச் சட்டத்தை நாற்காலியில் உட்கார்ந்து செய்வது போல. ஆனால் புல்லின் எடையை ட்ரோனிடம் கேட்காதீர்கள். காற்றில் புல் ஆடினால் அடுத்தடுத்த படங்கள் ஒட்டாமல் உயரக் கணக்கு குழம்பிவிடுகிறது, புல்வெளியில் காற்று இல்லாத நேரம் எப்போது கிடைக்கும்? ஒரு பேட்டரிக்கு இருபது முப்பது நிமிடம், பறப்பது ஒரு காலை நேரம், வந்து விழும் படங்களை ஒட்ட ஒரு முழு நாள். ஆடுகள் முதல் நாள் சிதறி ஓடின, இரண்டாம் நாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

கடைசியாக, எல்லாவற்றையும் தயாராகக் கணக்கிட்டுத் தரும் செயலிகள். இவற்றில் நான் மதிப்பது அமெரிக்க மேய்ச்சல் நிலங்களுக்கான ரேஞ்ச்லேண்ட் அனாலிசிஸ் பிளாட்ஃபார்ம். 1986 முதல் வருடா வருடம், 30 மீட்டரில், ஒரு வருடப் புல் பூண்டு எவ்வளவு, பல்லாண்டுப் புல் பூண்டு எவ்வளவு, புதர், மரம், வெற்றுத் தரை எவ்வளவு என்று சதவீதமாகத் தருகிறது. பச்சை என்று ஒற்றை எண்ணைத் தராமல் எந்த வகைப் பச்சை என்று பிரித்துத் தருவதுதான் இதன் பலம், அதற்குப் பின்னால் பல்லாயிரம் கள அளவீடுகள் இருக்கின்றன, பிழை எவ்வளவு என்பதையும் அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு நான் சந்தா கட்டிய ஒரு வணிகச் செயலியோ ‘ஹெக்டேருக்கு இத்தனை கிலோ’ என்று கடைசி இலக்கம் வரை சுத்தமாகச் சொன்னது. எந்த நிலத்துப் புல்லை அறுத்து எடை போட்டு இந்தக் கணக்கைப் பழக்கினீர்கள் என்று மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், மூன்றுக்கும் கையேட்டின் இணைப்புதான் வந்தது. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

இப்போது என் ஏற்பாடு இதுதான்: லேண்ட்சாட்டில் நீண்ட வரிசை, சென்டினலில் அன்றாடம், புதர் எண்ண ட்ரோன் வருடத்துக்கு ஒரு தடவை, சட்டமும் அரிவாளும் பழையபடி. சட்டம் போடும் இடங்களை மட்டும் மாற்றினேன். வேலியிலிருந்தும் பாதையிலிருந்தும் நன்றாகத் தள்ளி, சுற்றிலும் ஒரே மாதிரி நிலம் இருக்கும் இடமாக எடுத்து, பிக்சலுக்குள் வேறு எதுவும் கலக்காதபடி பார்த்துக்கொள்கிறேன். செயற்கைக்கோள் கடக்கும் நாளை ஒட்டியே அறுக்கிறேன். இருபத்து நான்கு இடத்தில் இருபத்து மூன்று ஓரளவு ஒத்துப்போகின்றன. ஓடைக்கரையில் இருக்கும் ஒன்று மட்டும் படத்தில் எப்போதும் செழிப்பாகத் தெரிகிறது, தராசில் ஒன்றும் நிற்பதில்லை. போன தடவை உட்கார்ந்து பார்த்ததில் பாதிக்கு மேல் ஆடு வாய் வைக்காத ஒரு களை. அடுத்த கடப்பு வியாழக்கிழமை, அந்தக் களையைப் புல்லிலிருந்து பிரித்துத் தனியாக எடை போடுவதற்கு இன்னொரு சாக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.